உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது?

தலையிடி என்றால் பனடோல். மூட்டு நோ என்றால் வொல்டாரன். தடிமன் என்றால் பிரிற்றோன். தொண்டை நோவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்திருந்த அமொக்சிசிலின். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு பிஸ்கட் ரின்னில் அல்லது பொலித்தீன் பையில் இந்தக் குளிசைகள் இருக்கும். நாளாந்தம் பாவிக்கும் பொருட்கள் என்பதால் இவற்றால் ஆபத்து வரும் என்று எவரும் நினைப்பதில்லை. பெரும்பாலானோருக்கு வருவதுமில்லை. ஆனால் சிலருக்கு இதே குளிசை, இதே ஊசி, உயிரையே பறிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது. அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்பதை முன்கூட்டியே அறிய எப்போதும் வழியில்லை. ஆனால் ஒரு தடவை உடம்பு எச்சரிக்கை காட்டிவிட்டால், அதை மறக்காமல் வைத்திருந்து அடுத்த வைத்தியருக்குச் சொல்வது எம் கையில்தான் இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

2023இல் நாடு பேசிய சம்பவங்கள்

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் வயிற்று வலியுடன் அனுமதிக்கப்பட்ட 21 வயது யுவதி ஒருவர், செஃப்ட்ரியாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்ட சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து உயிரிழந்தார். மருந்தினால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமையே காரணம் என்று சுகாதார அதிகாரிகள் கூறினர். ஊசி ஏற்றப்பட்ட விதம் பற்றியும் கேள்விகள் எழுந்தன. செஃப்ட்ரியாக்சோன் அபூர்வமான மருந்து அல்ல. எமது வைத்தியசாலை வாட்டுகளில் தினமும் பலருக்கு ஏற்றப்படுவது.

அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட பிரெட்னிசலோன் கண் துளி மருந்தினால் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர் பார்வையை இழந்தனர். அந்த மருந்து பாவனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. பின்னர் தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெளிவந்து, முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்படும் வரை சென்றது.

இவற்றில் இரண்டு வகை உண்டு என்பதை நாம் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, மருந்தே பழுதானது. அதைத் தடுப்பது அரசின் பொறுப்பு. அதற்காக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். மற்றது, மருந்து நல்லது, ஆனால் அந்த ஒரு உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த இரண்டாவது வகையில் நோயாளி சொல்லும் ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்.

ஒவ்வாமை என்றால் என்ன?

எமது உடம்பில் கிருமிகளை எதிர்த்துப் போராட ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. சிலருடைய உடம்பில் இந்தக் காவல், மருந்தையே எதிரி என்று தவறாக எண்ணிவிடுகிறது. முதல் தடவை மருந்து உள்ளே போகும்போது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பு அந்த மருந்தை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே மருந்து போகும்போது தாக்குதல் தொடங்கும். ஆகவே "போன முறை இதே குளிசை குடிச்சனான், ஒண்டும் செய்யேல்லை" என்பது உத்தரவாதம் அல்ல. அதேபோல் போன முறை சிறு கடியும் தடிப்பும் வந்திருந்தால் அடுத்த முறையும் அவ்வளவுதான் வரும் என்றும் நினைக்கக் கூடாது.

கடும் ஒவ்வாமை சில நிமிடங்களில் தொடங்கும். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். உள்ளங்கையும் உடம்பும் கடிக்கும், தடித்துச் சிவக்கும். உதடு, நாக்கு, கண் இமை வீங்கும். குரல் அடைக்கும், மூச்செடுக்க முடியாமல் இழுக்கும். வாந்தி வரும். இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். இவற்றில் மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் அது உயிராபத்து. அதற்கான மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிற்றோன் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து பார்க்கும் விடயம் அல்ல.

பெனிசிலின் குடும்பம் இதில் முக்கியமானது. அமொக்சிசிலின், அம்பிசிலின், குளொக்சசிலின், ஒக்மென்ரின் என்று விற்கப்படும் கோ-அமொக்சிகிளவ் எல்லாமே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றவையும் ஆபத்து. செஃபலெக்சின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை இதற்கு உறவுக் குடும்பம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. எதைக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. அவர் தீர்மானிப்பதற்கு நாம் சொல்ல வேண்டும்.

மெதுவாக வரும் ஆபத்து

எல்லா ஒவ்வாமையும் உடனே வருவதில்லை. 1922இல் ஸ்ரீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் விவரித்ததால் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு நோய் உண்டு. மருந்து தொடங்கி ஒன்று முதல் மூன்று கிழமைக்குள், சில வேளை இரண்டு மாதம் வரையிலும் கூட வரும். முதலில் காய்ச்சல், தொண்டை நோ, கண் எரிவு. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றே எண்ணத் தோன்றும். பிறகு தோல் சிவந்து நோகும், கொப்புளம் போடும். வாய், கண், பெண்ணுறுப்பு எங்கும் புண் வரும். தீக்காயம் பட்டதுபோலத் தோல் உரியும். கடுமையான வடிவில் மூவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். தப்புவோரிலும் சிலருக்குப் பார்வை கெட்டுவிடும்.

இதை ஏற்படுத்தக்கூடியவை நாம் அறிந்த மருந்துகள்தான்: வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெபைன், பெனிற்றோயின், லமோட்ரிஜின், செப்ட்ரின் எனப்படும் கோ-ட்ரைமொக்சசோல் போன்ற சல்பா மருந்துகள், யூரிக் அசிட்டுக்குக் கொடுக்கும் அலோபியூரினோல். தலையில் காயம்பட்டு வலிப்பு வந்த எத்தனையோ சகோதரிகள் எம் மத்தியில் வாழ்கிறார்கள். அவர்கள் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பே உயிராபத்தாகும். ஆனால் புதிதாகத் தொடங்கிய மருந்தோடு காய்ச்சலும் தோல் நோவும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே குளிசைப் பக்கற்றையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒவ்வாமை அல்லாத தீங்குகள்

சில மருந்துகள் எவருக்கும் கெடுதல் செய்யக்கூடியவை. அளவும் காலமும் பிழைத்தால் போதும்.

வலிக் குளிசைகள்: ஷெல் துண்டு உடம்பில் இருக்கும் பெண்கள், முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாத பெண்கள் ஆண்டுக்கணக்காக டைக்ளோபெனக், இபுபுரோபன் குடிக்கிறார்கள். இவை வயிற்றில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். மலம் தார் போல் கறுத்துப் போனால் அது அடையாளம். சிறுநீரகத்தையும் பழுதாக்கும். முட்டு வருத்தம் உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும்.

டெங்குக் காலத்தில் இவை இன்னும் ஆபத்து. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர். கொழும்பு மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்குக் காய்ச்சலில் டைக்ளோபெனக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் குடித்தால் இரத்தக் கசிவு கூடும். காய்ச்சலைச் சட்டென்று இறக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மலவாசலில் வைக்கும் டைக்ளோபெனக்கும் இதில் அடங்கும். காய்ச்சலுக்கு பராசிட்டமோல் மாத்திரமே.

பராசிட்டமோல்: வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. யாராவது கூடுதலாகக் குடித்துவிட்டால், ஆள் நன்றாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது.

ஸ்ரெரொயிட்: "டொக்டர் தாற சின்னக் குளிசை குடிச்சால் அண்டைக்கே நோ பறந்திடும்" என்று சிலர் சொல்வார்கள். பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் போன்றவையாக இருக்கலாம். வைத்தியர் பார்வையில் குடித்தால் உயிர் காக்கும் மருந்து. தானாக வாங்கி மாதக்கணக்கில் குடித்தால் முகம் ஊதும், சீனி கூடும், எலும்பு தேயும். பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து.

சீனிக் குளிசை: கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவற்றைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி விழுந்து மயக்கம் வரும். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் தாய்மார் விரதத்துக்கு முதலே கிளினிக்கில் கேட்டுக் குளிசையின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரஷர் குளிசை: எனலாப்ரில் குடிக்கும் சிலருக்கு மாதங்கள் கழித்துக்கூட உதடும் நாக்கும் வீங்கும். புதிய மருந்து அல்லவே என்று அலட்சியம் செய்யக் கூடாது.

வல்புரோவேட்: வலிப்புக்குக் கொடுக்கும் இம்மருந்து கருவில் உள்ள குழந்தையின் முள்ளந்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் கருத்தரிக்க முன்பே வைத்தியருடன் பேசி மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். தாமாக நிறுத்துவது கூடாது.

எங்கள் பெண்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

ஒரே ஊரில், ஒரே வைத்தியசாலையில், ஒரே கிளினிக் கொப்பியுடன் வாழ்பவருக்கு அவருடைய மருந்து வரலாறு அங்கேயே இருக்கிறது. இடம்பெயர்ந்த பெண்ணுக்கு அது இல்லை. கிளிநொச்சியில் வைத்திருந்த கொப்பி பதுங்குகுழியோடு போயிற்று. 2009இல் தரப்பாளின் கீழ் யார் என்ன ஊசி போட்டார் என்று எழுதிக் கொடுக்க அங்கு கடதாசியும் இல்லை, நேரமும் இல்லை. பிறகு மெனிக் பாம் முகாம், வவுனியா வைத்தியசாலை, மீள்குடியேற்றம். இன்று சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஒருவருக்கு வைத்தியர், மொழி எல்லாமே புதிது.

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பதற்காக ஒரு தடவை வாட்டுக்குப் போயிருந்தேன். காலில் இருந்த ஷெல் துண்டை எடுப்பதற்காக அனுமதிக்கப்பட்டிருந்தார். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று தாதி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை பிள்ளை" என்றார்.

அதையே வேறு விதமாகக் கேட்டேன். "முந்தி எப்பவாவது ஊசி போட்ட பிறகு, குளிசை குடிச்ச பிறகு, உடம்பு தடிச்சதோ, முகம் வீங்கினதோ, மூச்சு முட்டினதோ அம்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓம் பிள்ளை. காயம் பட்டுக் கிடந்த நேரம் ஒரு ஊசி போட்டவை. வாயெல்லாம் வீங்கி மூச்செடுக்கேலாமல் போட்டுது. நான் அது ஷெல் புகை எண்டெல்லோ நினைச்சன்."

என்ன ஊசி என்று அவருக்குத் தெரியாது. எவருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் "காயத்துக்குப் போட்ட ஊசி, உடனே வீக்கம், மூச்சுத் திணறல்" என்ற மூன்று தகவல்களும் வைத்தியருக்குப் போதுமாக இருந்தன. பெனிசிலின் வகை என்று சந்தேகித்து வேறு மருந்தைத் தெரிவுசெய்தார். நோயாளியின் தாளில் சிவப்பு மையால் எழுதினார். "அலர்ஜி இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லும் பெண்களில் பலருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்பதே உண்மை. உங்கள் அம்மாவிடமும் மாமியிடமும் நான் இரண்டாவதாகக் கேட்ட விதத்திலேயே கேளுங்கள்.

பெயரைக் கேட்டு வாங்குங்கள்

தனியார் வைத்தியர்களில் பலர் குளிசையைத் தாமே எண்ணி ஒரு சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். உறையில் காலை, பகல், இரவு என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. அது ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த வைத்தியரிடம் "வெள்ளைக் குளிசை" என்பதற்கு மேல் நாம் என்ன சொல்வோம்? வெள்ளைக் குளிசைகள் ஆயிரம் உண்டு. "டொக்டர், இதின்ரை பெயரை உறையிலை எழுதித் தாங்கோ" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எழுதும்போது கம்பனிப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் வருகிறது. கனடாவிலிருந்து பெறாமகள் அனுப்பும் டைலனோலும் இங்குள்ள பனடோலும் ஒரே பராசிட்டமோல்தான். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் இரட்டை அளவு. லண்டனிலிருந்து வரும் நியூரோபன் என்பது இபுபுரோபன். இந்தக் குழப்பத்தை முதலிலேயே உணர்ந்து, மருந்தை அதன் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் என்று போராடியவர் எமது நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அவர் 1977இல் காலமானார். அவருடைய கொள்கையை அடியொற்றி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. மருந்தினால் கெடுதல் ஏற்பட்டால் வைத்தியர் மூலமாக இந்த அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். "இதை மேலிடத்துக்கு அறிவிப்பீர்களா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பெண்கள் சொன்ன தகவலால் உலகமே மாறிய சம்பவம் ஒன்று உண்டு. தலிடொமைட் என்ற மருந்து 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. நித்திரைக்கும், கர்ப்பகாலக் குமட்டலுக்கும் அதைக் குடித்தார்கள். கையும் காலும் வளர்ச்சியடையாத குழந்தைகள் பிறந்தன. விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை வைத்தியர் அந்தத் தாய்மாரைத் தேடிச் சென்று, கர்ப்பகாலத்தில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். அவர்கள் நினைவுபடுத்திச் சொன்ன பெயர்தான் உண்மையைக் காட்டியது. 1961 நவம்பரில் மருந்து அங்கு மீளப்பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலும் பத்தாயிரம் வரையான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

ஓர் அட்டை செய்துகொள்ளுங்கள்

தடித்த கடதாசி ஒன்றை அடையாள அட்டையின் அளவுக்கு வெட்டுங்கள். அதில் இவற்றை எழுதுங்கள்:

1. உங்கள் பெயர், வயது, வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண்.
2. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பொதுப்பெயர். தெரியாவிட்டால் எந்த வருத்தத்துக்குத் தந்த ஊசி அல்லது குளிசை என்று.
3. என்ன நடந்தது? தடிப்பா, வீக்கமா, மூச்சுத் திணறலா, மயக்கமா, தோல் உரிந்ததா?
4. எந்த ஆண்டு, மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில் அல்லது எத்தனை நாளில்?
5. இப்போது தினமும் குடிக்கும் மருந்துகள்.
6. முட்டு, வலிப்பு, சிறுநீரக வருத்தம், ஈரல் வருத்தம் இருந்தால் அதுவும்.

மருந்தின் பெயரைப் பாமசியில் ஆங்கிலத்தில் எழுதுவித்துக்கொள்வது நல்லது. அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலும் எழுதுவியுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள். கொப்பி தொலைந்தாலும் அது இருக்கும்.

மூன்றாவது விடயத்தை விவரமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அது இல்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் ஒவ்வாமை என்று சொல்லிவிட்டால், நல்ல மருந்து ஒன்றை நாமே இழந்துவிடுவோம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் வைத்தியர் பிரித்தறிவார்.

தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்பது எமது உரிமை. ஆனால் ஊசியுடன் தாதி கட்டிலருகே நிற்கும் நேரத்தில் உரிமை பேச அவகாசம் இராது. ஆகவே ஒரு சிங்கள வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கள்: "மட்ட பெனிசிலின் அசாத்மிக்கயி." எனக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது அர்த்தம். பெனிசிலின் என்ற இடத்தில் உங்களுடைய மருந்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு சொல்லியிருந்தாலும், தாளில் எழுதியிருந்தாலும், ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் திரும்பச் சொல்லுங்கள். என்ன ஊசி என்றும் கேளுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

மருந்து எடுத்த பின் முகம் வீங்கி, மூச்சு முட்டினால் அல்லது மயக்கம் வந்தால் மருந்தை உடனே நிறுத்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு களுபோவிலை வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கிட்ட. மயங்கியவரை எழுப்பி நடத்தக் கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டுபவர் இருந்த நிலையில் இருக்கட்டும். குளிசைப் பக்கற்றை, போத்தலை, உறையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஊசி போட்ட இடத்திலேயே நடந்தால் வெட்கப்படாமல் உரத்துக் கூப்பிடுங்கள். எந்த ஊசி போட்டாலும் அரை மணித்தியாலமாவது அங்கேயே இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.

சகோதரிகளே, இதை வாசித்துவிட்டு பிரஷர் குளிசையையும் சீனிக் குளிசையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மருந்தால் சாவோரை விட மருந்து இல்லாமல் சாவோரே அதிகம். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த குளிசையை வாங்கிக் குடிக்காமல் இருப்பதும், மிச்சக் குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பதும், பெயரைக் கேட்டு எழுதிவைப்பதும் செலவில்லாத காரியங்கள். இன்றிரவே வீட்டில் உள்ள எல்லோரிடமும் கேட்டு ஆளுக்கோர் அட்டை எழுதுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.